ஏழு கார்களின் வரலாற்று முக்கியத்துவம்

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய அரசானது, வையோமிங் மாநிலத்தின் வடக்கே ப்ரூவிட் கால்வாய் என்று வழங்கப்படும் ஒரு மண் வாய்க்காலை, அதை வெட்டியவர்களின் பேரன் பேத்திகளுக்கே கொடுத்துவிடலாமா என்பதைப் பரிசீலிக்கலாமா என்று யோசிப்பதெனத் தீர்மானித்துவிட்டது.

மனித குலத்துக்கு இத்தனை முக்கியமான இந்த அறிவிப்பை லூதரன் கோயில் வாசலிலும், தபால் நிலையத்திலும், மாட்டுத் தீவனக் கடையிலும் ஒட்டினார்கள். தீவனக் கடையில் அதன்மேல் யாரோ ‘நாய்க்குட்டிகள் இலவசம், நல்ல வீடு வேண்டும்’ என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டார்கள். பொதுமக்கள் பார்வைக்குத் தடங்கல் ஏற்பட்டதாகக் கருதி, வாய்க்காலுக்குப் பொறுப்பான மத்திய அரசுத் துறை அறிவிப்புக் காலத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நாய்க்குட்டிகள் இரண்டே நாளில் கைமாறின. வாய்க்கால் அங்கேயே இருந்தது.

ப்ரூவிட் பாசனச் சங்கத்தின் தலைவர் எல்டன் ரூஷ். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் கழிவறைக்குப் போய்த் திரும்பிய குற்றத்துக்காக அந்தப் பதவி அவருக்குக் கிடைத்தது. அதற்கு அப்புறம் எத்தனையோ முறை தேர்தல் நடந்தும் மற்ற உறுப்பினர்கள் யாரும் கூட்டம் முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

எல்டனுக்கு அறுபத்திரண்டு வயது. சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு போடுகிறவர். அவருடைய நிலம் கடைமடை. மேலே இருக்கிற எல்லோரும் எடுத்து, வெயில் எடுத்து, வளை தோண்டும் எலிகள் எடுத்து, மீந்தது அவருக்கு வரும். கடந்த இரண்டு கோடையாக அதுவும் வரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஹாகன் மேட்டுக்குக் கீழே கால்வாய் முழங்கை மாதிரி வளைகிற இடத்தில் கரை சல்லடையாகிவிட்டது. ஜூலையில், பீட் கிழங்கு பருக்கிற நேரத்தில், பாதித் தண்ணீர் அந்த வழியாகப் பள்ளத்தில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

பொக்லைன் ஒன்றும் நல்ல களிமண்ணும் இருந்தால் ஒருநாள் வேலை. ஆனால் கால்வாய் மத்திய அரசுக்குச் சொந்தம். பார்த்துக்கொள்வது சங்கம், சொத்து அரசுடையது. கட்டுமானக் கடனெல்லாம் எல்டனுடைய அப்பா காலத்திலேயே தீர்ந்துபோனாலும் பத்திரம் மட்டும் அரசிடமே இருந்தது. கரையில் மண்வெட்டி வைக்க அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்துதான் இரண்டு கோடை போயிற்று. சர்க்கரை ஆலையின் விதி ஒன்று உண்டு: ஒப்புக்கொண்ட கிழங்கை மூன்று வருஷம் தொடர்ந்து தராதவனின் ஒப்பந்தம் ரத்தாகி, வரிசையில் நிற்கும் அடுத்தவனுக்குப் போகும். ஒப்பந்தம் போனால் பீட்டைப் பன்றிக்குத்தான் போட வேண்டும். எல்டனிடம் பன்றி கிடையாது. மீதி இருந்தது ஒரே ஒரு கோடை.

ஆகவே அவர் அனுமதி கேட்பதை விட்டுவிட்டு வாய்க்காலையே கேட்டார். அதுதான் குறுக்கு வழி என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

*

பொதுமக்கள் கருத்துக் கேட்பு பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் நடந்தது. எல்டனின் மனைவி மார்வா ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பீன்ஸும் இறைச்சியும் போட்ட மிளகாய்க் குழம்பும், லவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டிச் சுருளும் கொண்டுவந்திருந்தார். கூட்டத்துக்கு ஊரே திரண்டதற்கு அதுதான் காரணம் என்பது துறைக்குக் கடைசிவரை தெரியாது. ‘பெருவாரியான பொதுமக்கள் ஆர்வம்’ என்று பதிவு செய்துகொண்டார்கள்.

துறையின் மண்டல உரிமை மாற்ற ஒருங்கிணைப்பாளர் கிரேடன் விப்பிள் எழுந்தார். மடிப்புக் கலையாத வயல்வேலைச் சட்டை, மண் படாத பூட்ஸ். மக்கள் சொல்வதைக் கேட்பதற்காகவே வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, குழம்பு ஆறும்வரை பேசினார்.

“இந்த வாய்க்கால் உங்களோடதுதான். அதுல எங்களுக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. உங்களோடதுங்கறதாலதான் அதை உங்ககிட்ட குடுக்கறதுக்கு இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கோம். வேற யாரோடதாவது இருந்தா என்னைக்கோ குடுத்திருப்போம்.”

சிலர் கைதட்டினார்கள். பேச்சு முடிந்து ரொட்டிச் சுருள் சீக்கிரம் வரட்டும் என்றுதான்.

பிறகு விப்பிள் எல்டனைப் பார்த்து, உரிமை கைக்கு வந்ததும் சங்கம் என்ன செய்யப்போகிறது என்று கேட்டார். எல்டன் நேர்மையான ஆள். வளைவைச் சரிபண்ணப்போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராய் நகாடா மேசைக்கடியில் பூட்ஸ் காலால் ஓர் உதை விட்டார். ராயின் குடும்பமும் எல்டனின் குடும்பமும் மூன்று தலைமுறையாக ஒரே வாய்க்காலில் குடித்தவர்கள். ராய் சட்டத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார்.

விஷயம் இதுதான். உரிமை மாற்றத்தால் சுற்றுச்சூழலில் எந்த மாறுதலும் வராது என்று நிரூபித்தால் சுருக்கமான ஆய்வு. மாறுதல் வரும் என்றால் விரிவான ஆய்வு. விரிவான ஆய்வு முடிந்து உயிரோடு திரும்பிய சங்கத்தை அந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை.

“ஒண்ணும் பண்ணமாட்டோம்,” என்றார் எல்டன், முழங்காலைத் தடவிக்கொண்டே.

“ஒண்ணுமேவா?”

“ஒரு துரும்பைக்கூட நகத்தமாட்டோம் சார்.”

விப்பிளின் முகம் மலர்ந்தது. “இதைத்தான் துறை எதிர்பார்க்குது. சொத்தை வச்சு எதுவும் செய்யமாட்டேன்னு நிரூபிக்கிறவங்களுக்குத்தான் சொத்து. நாங்களே இத்தனை வருஷமா அப்படித்தான் வச்சிருக்கோம்.”

அதோடு முடிந்திருக்கும். கடைசியாக, சம்பிரதாயத்துக்கு, ஒரு கேள்வி கேட்டார்: கால்வாயிலோ கரையிலோ ஐம்பது வருஷத்துக்கு மேல் பழமையானது ஏதாவது இருப்பதாக இங்கே யாருக்காவது தெரியுமா?

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி கேள்வி கேட்டால் யாராவது ஒருவர் வேடிக்கையாகப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வந்தவரை அவமதித்ததாக ஆகிவிடும். தலைவர் என்ற முறையில் அந்தக் கடமை எல்டனுடையது.

“நான் இருக்கேன். அப்புறம் வளைவுல எங்க அப்பா புதைச்ச ஓட்டைக் காருங்க இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். விப்பிள் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி இரண்டையும் குறித்துக்கொண்டார்.

*

கார்கள் இருந்தது உண்மைதான். அந்தக் காலத்தில் மேற்கு முழுக்க அதுதான் வழக்கம். ஆறோ வாய்க்காலோ கரையைத் தின்றால், ஓடாத காரை இழுத்துவந்து சரிவில் தள்ளி, சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து, மேலே மண்ணைப் போட்டுவிடுவார்கள். கல்லுக்குப் பதில் கார். எல்டனின் அப்பாவும் ராயின் அப்பாவும் இன்னும் சிலரும் ஒரு வசந்த காலத்தில் ஏழு கார்களை அந்த வளைவில் இறக்கினார்கள். கரை இந்த மட்டுமாவது நின்றது அந்த ஏழு கார்களின் புண்ணியத்தில்.

முதலில் எல்டனைப் பற்றிய முடிவு தபாலில் வந்தது. திரு. எல்டன் ரூஷ் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டவர் என்பதும், கால்வாயின் அருகிலேயே தொடர்ந்து இருந்துவருபவர் என்பதும் துறையால் கவனத்தில் கொள்ளப்பட்டது. எனினும் அவர் இடம்விட்டு இடம் நகரக்கூடியவர் என்பதாலும், இரண்டு முழங்கால் மூட்டுகளும் அண்மையில் மாற்றப்பட்டு மூலப்பொருள் சிதைந்துவிட்டதாலும், பாதுகாப்புக்குத் தகுதி பெறவில்லை.

மார்வா அதை இரண்டு தடவை படித்தார். “முப்பத்தெட்டு வருஷமா நான் வாய் வலிக்கச் சொன்னதை ஒரே பக்கத்துல எழுதிட்டாங்க பாரேன்,” என்று குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார்.

கார்கள் தகுதி பெற்றன. அதாவது, தகுதி பெறக்கூடும் என்று கருதத் தகுதி பெற்றன.

அதை உறுதி செய்ய வந்தவர் டாக்டர் ஹாலன்பெக், தொன்மைப் பாதுகாப்பு நிபுணர், கூட்டத்தில் குறிப்பெடுத்த அதே பெண்மணி. கிராமத்துத் தபால்பெட்டிக் கம்பங்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். வளைவில் இறங்கி, மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த கார் மூக்குகளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“இது வெறும் தகரம் இல்ல மிஸ்டர் ரூஷ். இது ஒரு சமூகத்தோட கூட்டு மௌனம்.”

“மௌனமெல்லாம் இல்லம்மா. எங்க அப்பா இதைத் தள்ளறப்போ பேசினதை நான் உங்க முன்னாடி சொல்ல முடியாது.”

‘வாய்மொழி மரபும் உண்டு’ என்று அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்து குண்டுத் துளைகள். ஊர்ப் பையன்கள் எல்லோரும் துப்பாக்கி சுடப் பழகியது அந்தக் கார்களின் மேல்தான். டாக்டர் ஹாலன்பெக் ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் சின்னக் கொடி ஒன்று நட்டு, எது யாருடையது என்று விசாரித்தார். எல்டன் பன்னிரண்டு வயதில் முதன்முதலாகச் சுட்டது ஒரு காரின் விளக்கில் பட்டிருந்தது. அதற்கு ஐம்பது வருஷம் ஆகிவிட்டதால் அது தொன்மைச் சின்னம், யாரும் தொடக்கூடாது. பதினாறு வயதில் அதே காரின் கதவில் அவர் சுட்டதற்கு ஐம்பது ஆகவில்லை. அது தொன்மைச் சின்னத்தைச் சேதப்படுத்திய குற்றம்.

“நான் சுடறப்போ அது சின்னமா இல்லையே?”

“சின்னம் எப்பவும் சின்னம்தான். நாங்க கண்டுபிடிக்கறதுக்குத்தான் நேரமாகும்.”

இன்னும் நாலு வருஷம் பொறுத்தால் அந்தக் குற்றமும் சின்னமாகிவிடும் என்று அவர் ஆறுதல் சொன்னார். எல்டன் வீட்டுக்கு வந்து மார்வாவிடம் இதைச் சொல்ல முயன்று, பாதியில் விட்டுவிட்டார். அவர் வாயில் வரும்போது அது பொய் மாதிரி ஒலித்தது.

துறை சட்டப்படி, அந்த மண்ணின் பழங்குடிகளான ஷோஷோனி மக்களின் கருத்தையும் கேட்டது. அவர்கள் பேரவையிலிருந்து ஒருவர் நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். வளைவைப் பார்த்தார். கார்களைப் பார்த்தார். கொடிகளைப் பார்த்தார். எல்டன் கொடுத்த காப்பியைக் குடித்தார்.

“இந்தக் காருங்க எங்களுது இல்ல,” என்றார் விப்பிளிடம். “ஆத்துத் தண்ணியைத் திருப்பறதைப் பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னா, நூறு வருஷத்துக்கு முந்தி வந்திருக்கலாம். அப்ப வீட்லதான் இருந்தோம்.”

‘ஆட்சேபணை இல்லை’ என்று பதிவாயிற்று.

*

மே மாதம் தண்ணீர் திறந்தார்கள். வழக்கம்போல் வளைவில் பாதி கசிந்தது. பீட் முளைத்து இரண்டிலை விட்டிருந்தது. அப்போது இன்னொரு நிபுணர் வந்தார். அவர் பெயர் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. ராய் அவரைத் தவளைக்காரர் என்று கூப்பிட, ஊரும் அப்படியே கூப்பிட்டது. கசிந்த தண்ணீர் பள்ளத்தில் தேங்கிச் சேறாகி, கோரை முளைத்து, அதில் புள்ளித் தவளைகள் குடியேறியிருந்தன. தவளைக்காரர் சேற்றில் முழங்காலளவு நின்று பரவசப்பட்டார்.

விளைவு, சங்கம் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டியதாயிற்று: உரிமை மாறிய பிறகும், இப்போது எவ்வளவு கசிகிறதோ அவ்வளவே தொடர்ந்து கசியச் செய்வோம், கசிவு குறைந்தால் துறைக்கு உடனே தெரிவித்து, எங்கள் செலவில் கசிவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவோம்.

சங்கக் கூட்டத்தில் ராய் இதைப் படித்துவிட்டு விப்பிளைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கலை. நாங்க வாய்க்காலுக்குச் சொந்தக்காரங்களா, ஓட்டைக்குச் சொந்தக்காரங்களா?”

“ரெண்டுக்கும்தான்,” என்றார் விப்பிள் பெருந்தன்மையோடு. “ஆனா சூழலியல் பார்வையில ஓட்டைதான் முக்கியம்.”

“அப்ப எல்டனோட பீட்டுக்குத் தண்ணி?”

“பீட் இயற்கையா வளர்ற செடி இல்லையே. அதை யாரோ விதைச்சிருக்காங்க.” விப்பிள் எல்டனின் தோளில் கை வைத்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. விவசாயம் எங்க இதயத்துக்கு ரொம்ப நெருக்கமானது. எங்க காலண்டர்ல வர்ற பன்னிரண்டு படத்துல ஏழு படம் விவசாயம்தான்.”

எல்டன் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்டால் உரிமை. உரிமை வந்தால், விப்பிளின் வண்டி மேட்டைத் தாண்டி மறைந்த அரை மணியில் பொக்லைன். அப்புறம் அவர்கள் வழக்குப் போட்டு ஜெயிக்கட்டும். அதற்குப் பத்து வருஷம் ஆகும். பீட்டுக்கு ஒரு கோடை போதும். நேர்மையான மனிதரை அந்த அளவுக்குக் கொண்டுவரத் துறைக்கு மூன்றே வருஷம்தான் தேவைப்பட்டது.

*

ஜூலையில் கிரேன் வந்தது.

பெரிய மஞ்சள் கிரேன். எல்டன் அதை வயலிலிருந்து பார்த்தபோது ஒரு நிமிஷம் வளைவைச் சரிபண்ணத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். பிறகு அதன் பக்கத்தில் டாக்டர் ஹாலன்பெக்கின் தொப்பி தெரிந்தது. ராயையும் கூப்பிட்டுக்கொண்டு அங்கே போனார்.

பிரச்சினை சின்னது என்று டாக்டர் ஹாலன்பெக் விளக்கினார். அறிக்கை முடிந்துவிட்டது, ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. கார்களை அகற்றினால் தொன்மைக்குப் பாதிப்பு ஏற்படுமா என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அதற்கு ஒரு காரையாவது வெளியே எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

“எதை எடுக்கப்போறீங்க?” என்றார் எல்டன்.

அவர் நடுக் காரைக் காட்டினார்.

எல்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார். நிதானமாகத்தான் பேசினார். “அம்மா, மத்த ஆறையும் சங்கிலி போட்டு அதுலதான் கட்டியிருக்கு. அதை உருவினா எல்லாம் போயிடும். இப்ப வாய்க்கால் நிறையத் தண்ணி ஓடுது. அக்டோபர்ல தண்ணியை நிறுத்தினப்புறம் வாங்க. நானே டிராக்டர் வச்சு இழுத்துத் தர்றேன். காப்பியும் தர்றேன்.”

“தண்ணி இல்லாதப்போ எடுத்தா அது உண்மையான சூழல் ஆகாது. நாங்க அகற்றலை மிஸ்டர் ரூஷ். பாதுகாக்கற நோக்கத்தோட தற்காலிகமா இடம் மாத்தறோம்.”

எல்டன் விப்பிளிடம் திரும்பினார். வருஷக்கணக்காக ஒரு மண்வெட்டி வைக்க விடாதவர்கள் இப்போது கிரேன் வைக்கிறார்களே, இதற்கு ஆய்வு வேண்டாமா, அனுமதி வேண்டாமா என்று கேட்டார்.

“நல்ல கேள்வி,” என்றார் விப்பிள். “ஆய்வு நடத்தறதுக்கு ஆய்வு தேவையில்ல. அப்படி வச்சா வேலை எப்படி நகரும்?”

“நான் வேண்டாம்னு சொல்றேன் சார். சங்கத் தலைவரா சொல்றேன்.”

விப்பிள் உண்மையிலேயே வருத்தப்பட்டார். “உங்க உணர்வை நான் மதிக்கிறேன். ஆனா வாய்க்கால் இன்னும் உங்களோடது ஆகலையே. ஆகியிருந்தா நீங்க தாராளமா தடுக்கலாம்.”

கிரேன்காரன் அந்தப் பக்கத்து ஆள்தான். கொக்கியை மாட்டிவிட்டு எல்டனைப் பார்த்தான். எல்டன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் விப்பிளைப் பார்த்தான். விப்பிள் கட்டை விரலை உயர்த்தினார்.

கார் முதலில் அசையவில்லை. பிறகு, உளைச் சேற்றிலிருந்து மாட்டுக் காலை இழுத்தால் வருகிற சத்தம் வந்தது. கார் மெல்ல மேலே வந்தது. ஜன்னல்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதன் வாலில் சங்கிலியும், சங்கிலியின் முனையில் இரண்டாவது காரும் தொங்கின. டாக்டர் ஹாலன்பெக் கைதட்டினார். “பிணைப்பு! பிணைப்பைப் பாருங்க!” என்று அவர் சொல்லி முடிக்கும்போது அவர் நின்றிருந்த இடத்துக்கு நாலடி தள்ளிக் கரை உட்கார்ந்தது. ராய் அவர் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தார். அந்தக் கோடையில் துறைக்கும் சங்கத்துக்கும் இடையே நடந்த ஒரே உருப்படியான ஒத்துழைப்பு அது.

உடைப்பு வாயகன்று கால்வாய் முழுவதும் பள்ளத்தில் இறங்கியது. மற்ற கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை கலையாமல், ஆற்றை நோக்கிப் போயின. ராய் வண்டியை எடுத்துக்கொண்டு தலைமதகை அடைக்க ஓடினார். ஒரு மணி நேரத்துக்கெல்லாம் கால்வாயில் தண்ணீர் என்று சொல்ல எதுவும் இல்லை.

எல்டன் அன்று மாலையே பொக்லைனைக் கொண்டுவந்துவிட்டார். பின்னாலேயே நாலைந்து பேர் களிமண் லாரிகளோடு வந்தார்கள். விப்பிள் உடைப்பின் குறுக்கே மஞ்சள் நாடா கட்டி அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“இப்ப அடைக்க முடியாது.”

“ஏன்?”

“இது இப்ப ஒரு மாறுதல். மாறுதல் வந்தா என்ன பாதிப்புன்னு மதிப்பிடணும். மதிப்பிடாம அடைச்சா எதை அடைச்சோம்னு நமக்கே தெரியாது.”

“எதை அடைக்கணும்னு எனக்குத் தெரியும் சார். அதோ, அந்த ஓட்டையை.” எல்டன் நாடாவைப் பிடித்துக்கொண்டார். “பீட் பத்து நாள்தான் தாங்கும். இந்த வருஷமும் போனா ஆலைக்காரன் என்னைக் கழட்டிவிட்டுடுவான். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

விப்பிள் நாடாவின் முடிச்சைச் சரிபார்த்தார். “உங்க வலி எனக்குப் புரியுது. அதை எழுத்துல குடுங்க. கருத்துக் கேட்புக் காலம் திறந்துதான் இருக்கு.”

எதிர்த்து வேலை செய்தால் மத்திய அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம். உரிமை மாற்ற விண்ணப்பமும் அத்தோடு ரத்து. லாரிக்காரர்கள் எல்டனைப் பார்த்தார்கள். எல்டன் பொக்லைனை அணைத்தார்.

*

ஆகஸ்டு நல்ல வெயில். பீட் இலைகள் முதலில் மத்தியானம் மட்டும் துவண்டன, பிறகு காலையிலும் துவண்டன, பிறகு நிமிரவில்லை. மார்வா வீட்டுக் கிணற்றிலிருந்து குழாய் இழுத்து நாலு வரிசைக்குத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். கிணறுதான் வற்றியது. எல்டன் வயல் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, கருத்துக் கேட்புக் காலத்துக்கு ஏற்ப, எழுத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார். செப்டம்பரில் சர்க்கரை ஆலையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாக, ரூஷ் குடும்பத்தின் பங்கு வேறொருவருக்குப் போய்விட்டதைத் தெரிவித்தாள்.

அக்டோபரில் உரிமை மாற்றத்துக்கு அனுமதி வந்தது. சுருக்கமான ஆய்விலேயே, ஒரு நிபந்தனையும் இல்லாமல்.

விழாவை உடைப்புக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். கூடாரம், கொடி, தலைநகரிலிருந்து வந்த வாழ்த்துச் செய்தி. எல்டனுக்கு முன்வரிசையில் இடம். விப்பிள் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

“என் பணிக்காலத்துல இவ்வளவு சுத்தமான அறிக்கையை நான் பார்த்ததில்ல,” என்றார். குரல் தழுதழுத்தது. “தவளைங்களுக்குப் பாதிப்பு வருமான்னு கவலைப்பட்டோம். கசிவு நின்னதும் தவளைங்க போயிடுச்சு; இப்ப பாதிக்கப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. காருங்களோட தொன்மைக்கு ஆபத்து வருமோன்னு நெனச்சோம். அஞ்சு கார் ஆத்தோட போயிடுச்சு, மிச்ச ரெண்டும் கரையை விட்டு வெளிய வந்துட்டதால தொன்மையை இழந்துடுச்சு. நீர்ப் பயன்பாடு மாறுமான்னு சட்டம் கேக்குது. நீரே இல்லாதப்போ பயன்பாடு எங்கேர்ந்து மாறும்? எல்லாக் கட்டத்துலயும் ‘பாதிப்பு இல்லை’ன்னு எழுத முடிஞ்சுது. இதைத்தான் நாங்க பாதுகாப்புன்னு சொல்றோம். மத்த மாநிலங்கள்லயும் இதே முறையைப் பின்பத்தப் போறோம்.”

டாக்டர் ஹாலன்பெக்குக்குப் பூச்செண்டு கொடுத்தார்கள். தவளைக்காரருக்கு ஒரு கேடயம். எல்டனிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கைகுலுக்கினார்கள்; படம் எடுத்தார்கள். ஒரு வார்த்தை பேசும்படி விப்பிள் கேட்டுக்கொண்டார். எல்டன் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். கூட்டம் வேடிக்கையான பதிலுக்காகக் காத்திருந்தது.

“முடிஞ்சுதா?” என்றார் எல்டன்.

முடிந்தது என்று விப்பிள் சொன்னார்.

கூடாரத்தைப் பிரித்துத் துறையின் வண்டிகள் மேட்டைத் தாண்டுவதற்குள் ராய் பொக்லைனைக் கிளப்பிவிட்டார். களிமண் லாரிகள் வந்தன. எல்டன் கரையில் நின்று எங்கே கொட்ட வேண்டும் என்று கையைக் காட்டினார். ஒரு கல் வைக்க அனுமதி கேட்கவில்லை. ஒரு கொடி நடவில்லை.

சூரியன் மறைவதற்கு முன் உடைப்பை அடைத்துவிட்டார்கள். பீட் ஆகஸ்டிலேயே செத்துவிட்டது.